நாலாவது டேக்

சில நாட்களாகப் படத்தொகுப்பாளர் ஹேசலுக்குச் செத்துப்போனவளோடுதான் வேலை. தொகுப்பு எந்திரத்தின் மிதியைப் பின்பக்கம் அழுத்தினால் லெனோரின் கன்னத்துக் கண்ணீர் மேலேறிக் கண்ணுக்குள் போகும். முன்பக்கம் அழுத்தினால் மறுபடி இறங்கும். படம் தெரியும் கண்ணாடி உள்ளங்கை அகலம்தான். அதற்குள் இருந்துகொண்டு அவள் ஹேசலையே பார்ப்பாள். என்னை ஏன்டி இப்படிப் பார்க்கிறாய் என்று ஹேசலுக்கு அழுகையும் எரிச்சலுமாக வரும்.

ஹாலிவுட்டில் அந்த வருஷம் கொலைப்படங்களுக்குத்தான் மவுசு. இந்தப் படத்தில் கணவனைச் சுட்டவளாக லெனோர். போலீஸ் அறையில் அவள் வாக்குமூலம் கொடுத்து முடித்ததும் காட்சி முடிய வேண்டும். நாலாவது டேக்கில் இயக்குநர் ஹால்பர்ன் 'கட்' சொல்லவில்லை. அவர் சொல்லும்வரை நடிகை நகரக் கூடாது, அதுதான் தொழில். வசனம் தீர்ந்துவிட்டது, கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. கொலைகாரி போய்விட்டாள், லெனோர் மட்டும் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற ஹால்பர்னைப் பார்த்து, "போதுமா? நான் போகலாமா?" என்று கேட்டாள். பிலிம் தீரும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் சாண்டா மோனிகா கடற்கரையில் அவள் உடல் ஒதுங்கியது.

"படம் அந்த நாலாவது டேக்லதான் முடியணும்," என்றார் ஹால்பர்ன், கதவில் சாய்ந்தபடி. "மத்த டேக் எதுவும் வேணாம்."

"அது நடிப்பில்ல சார். உங்களுக்கே தெரியும்."

"அதனாலதான் கேக்கறேன். பிலிமை நீ ஒட்டலன்னா ஒட்டறதுக்கு ஆளா இல்ல?"

ஹேசலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. இந்தப் பிரதியை ஒளித்துவைத்தாலும் நெகட்டிவிலிருந்து இன்னொன்று எடுத்துவிடுவார்கள். சாகப்போகிறவளின் சொந்த அழுகையை ஊரே டிக்கெட் வாங்கிப் பார்க்கும். இந்த மனிதர் மனம் மாறினால்தான் உண்டு. அதற்கு என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் வாயிற்காவலர் ஒரு பெண்மணியை அழைத்துவந்து விட்டுவிட்டுப் போனார். பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து பஸ் ஏறி வந்த ஆல்மா, லெனோரின் அம்மா. திராட்சை பறித்துப் பறித்துக் கறுத்த விரல்களால் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"எங்க ஊருக்குப் படம் எப்ப வருமோ தெரியல. எங்க நெட்டிய ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேம்மா," என்றாள். லெனோர் என்பது ஸ்டுடியோ வைத்த பெயர்.

"சிரிக்கிற மாதிரி ஏதாவது போட்டுக் காட்டு," என்று முணுமுணுத்தார் ஹால்பர்ன்.

"இந்தப் படத்துல அவ எங்க சார் சிரிச்சா?"

ஹேசல் ஆல்மாவை எந்திரத்தின் முன் உட்காரவைத்தாள். "இதுல அழுவாங்க. பரவாயில்லையா?"

"எம்பொண்ணு அழுது நான் பாக்காததா? போடும்மா."

பெற்றவளின் துக்கத்தை வைத்தா இந்த ஆளோடு மல்லுக்கு நிற்பது என்று ஹேசலுக்கு உறுத்தியது. உறுத்தலோடேயே மிதியை அழுத்தினாள்.

ஆல்மா குனிந்து, கண்ணாடியில் மூக்கு படுமளவுக்கு நெருங்கிப் பார்த்தாள். வாக்குமூலம் முடிந்தது. மகளின் முகம் கலையத் தொடங்கியதும் ஆல்மாவின் கை கைப்பையை விட்டது.

"போதுமா? நான் போகலாமா?"

"போலாம்டி தங்கம்," என்றாள் ஆல்மா உடனே. "யாரு உன்னப் புடிச்சு வெச்சிருக்கா? எழுந்து வா."

கண்ணாடிக்குள் இருந்தவள் எழவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். பிலிம் கடகடவென்று ஓடியது. ஆல்மா திரும்பினாள். "ஏம்மா, அவ கேக்குறாளே. அங்க ஒருத்தர் கூடவா இல்ல பதில் சொல்ல?"

ஹேசல் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பவும் இல்லை. வெளியே பாலைக்காற்று தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது.

"கட்," என்றார் ஹால்பர்ன்.

ஹேசல் காலை எடுத்தாள். அந்தப் பிலிம் துண்டை எந்திரத்திலிருந்து கழற்றி, கழித்த துண்டுகள் தொங்கும் கம்பியின் கடைசி ஆணியில் மாட்டினாள். அவர் தடுக்கவில்லை. தொப்பியைக் கையில் சுருட்டியபடி நின்றார். நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறதென்பது இருவருக்கும் தெரியும்.

அணைந்த கண்ணாடியைக் கைக்குட்டையால் மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தாள் ஆல்மா. ஜன்னல் வழியே காற்று வந்தது. மற்ற துண்டுகளோடு அந்தத் துண்டும் ஆடியது. காற்று நின்ற பிறகும் அது மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.