நிக்கொலஸின் கண்ணில் இரண்டு கீறல்கள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கண் கிளினிக் வாங்கில் என் பக்கத்தில் இருந்த நிக்கொலஸ் சொன்னது. பெயர்களை மாற்றியிருக்கிறேன், 2017 என்ற வருடத்தை மாற்றவில்லை.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: கற்பிட்டிக் கடலுக்கு மேலே இரண்டு நிலாக்கள் எழும்பி—

(வேண்டாம். நிக்கொலஸ் நிலாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய கவலையெல்லாம் போன்தான்.)

2

நிக்கொலஸ் வெங்காயத் தோட்டக்காரர். இடது கண் சின்ன வயதிலேயே பழுது. நல்ல கண்ணில் ஒருநாள் வெங்காயத் தாள் குத்தி, புண்ணாகி, கருவிழி வெள்ளையாய் மூடிவிட்டது. இறந்துபோன யாரோ ஒருவரின் கருவிழியை வைத்துத் தைத்தார்கள். வெளிச்சம் வந்தது, எழுத்து வரவில்லை. வைத்த விழி ஒரு பக்கமாக இழுபட்டு நின்றதால் ஒவ்வொரு எழுத்தும் நிழலோடு இரண்டாகத் தெரிந்தது. எந்தக் கண்ணாடியும் சரிவரவில்லை.

மனைவி றோசா குவைத்தில் வீட்டு வேலை. அந்த வீட்டில் போனில் கதைக்க விடமாட்டார்கள். ஒளித்திருந்து எழுதத்தான் முடியும். அதை வாசிப்பவர் நிக்கொலஸின் அக்கா டொறத்தி. பதில் எழுதுவதும் அவர்தான். மூன்று வருடமாக அவர் வாசித்துக் காட்டியதெல்லாம் சுகம், வெயில், வேலை.

“வேற ஒண்டும் எழுதேல்லயா அக்கா?”

“அவ்வளவுதான் தம்பி.”

றோசாவுக்குத் தன்மேல் இருந்தது வற்றிவிட்டதென்று நினைத்தார். நினைத்துக்கொண்டே அடுத்த செய்திக்குக் காத்திருந்தார்.

3

“தைச்ச ஓரத்தில ரெண்டு சின்னக் கீறல் போடுவம். இழுவை தளரும்,” என்றார் டாக்டர். “ஆனா வைச்ச விழி பழுதாகவும் இடமிருக்கு.”

“எழுத்துத் தெரியுமா?”

“கண்ணாடியோட தெரியலாம்.”

“அப்ப போடுங்க.”

(சத்திரசிகிச்சையை ஒரு பக்கத்துக்கு விவரித்து, அடித்துவிட்டேன். மருந்து விட்டு, விழித்திருக்கும்போதே செய்தார்கள். அசையாமலிருக்க மனதுக்குள் றோசா, றோசா என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அது போதும்.)

4

இரண்டு மாதத்தில் புதுக் கண்ணாடி. போனில் பழைய செய்திகளைத் தேடிப் போனார். பலவற்றின் அடியிலும் அவர் கேட்டேயிராத வரிகள்.

“இஞ்ச வெங்காயம் வெட்டக்குள்ள உங்கட சேட்டு மணக்குது. மெல்லமா வெட்டினன்.”

ஒன்பது மாதத்துக்கு முன்னால், கடைசியாக: “நான் இப்பிடி எழுதுறது உங்களுக்குப் புடிக்கேல்லயா?”

அதற்குப் பிறகு, உண்மையாகவே வெயிலும் வேலையும் மட்டும்.

“அக்கா, இதுகள ஏன் வாசிக்கேல்ல?”

டொறத்தி சுவரைப் பார்த்தார். “புருசன் பொஞ்சாதி கதை. என்ர வாயால எப்பிடித் தம்பி சொல்லுறது?”

(டொறத்தியைப் பொல்லாதவராக்கி ஒரு பந்தி எழுதினேன். நிற்கவில்லை. மூன்று வருடமும் தம்பியின் கண்ணுக்கு நேரம் தவறாமல் மருந்து விட்டவர் அவர்.)

5

நாங்கள் சந்தித்ததற்கு முதல்நாள் பின்னேரம் முழுக்க ஒற்றை விரலால் எழுதி அனுப்பினாராம். அதுவரை பதிலில்லை.

முடிவுக்கு மூன்று பதில் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் றோசா அழுதாள். ஒன்றில் “இப்பவா?” என்று மட்டும் கேட்டாள். மூன்றாவதில் அவள்—

மூன்றையும் அழித்துவிட்டேன். அவர்களுக்கு நடுவே இன்னொருவர் இருந்து வாசித்தது போதும்.

அன்று வாங்கில் அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் சத்தம் போட்டது. எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீங்களும் திரும்புங்கள்.