முதலில் பேசியவர்

1

இக்கதையை எனக்குத் தந்தவர்கள் இருவர். இருவரும் திண்டுக்கல் தீயணைப்பு நிலையத்தில் பணியாற்றியவர்கள். பொய் சொல்லும் வழக்கம் இல்லாதவர்கள். ஒரேயோர் இடத்தில் மட்டும் இருவர் கூற்றும் முரண்பட்டது. எழுதுவதற்கு அதுவே காரணம்.

2

‘1961ஆம் ஆண்டுச் சித்திரையில், மலைக்கோட்டையின் நிழல்கூடச் சுட்ட ஒரு பிற்பகலில்...’

[நீக்கிவிட்டேன். நிழல் சுடாது. அலங்காரத்துக்காகப் பொய் எழுதலாகாது.]

மீண்டும் தொடங்குகிறேன். நிலைய அதிகாரி பெருமாள்சாமி. வண்டியை ஓட்டுபவரும் பம்பை இயக்குபவரும் கண்ணுசாமி. ஒரு பயிற்சியின்போது, குழாய் அவ்வளவு தூரம் எட்டாது என்று கண்ணுசாமி எல்லார் முன்னிலையிலும் சொன்னார்.

“பம்பைப் பாரு. என்னையப் பாக்காத” என்றார் அதிகாரி.

குழாய் எட்டவில்லை. கண்ணுசாமி சிரித்தார். சிரித்திருக்க வேண்டியதில்லை.

அன்றுமுதல் இருவருக்கும் பேச்சில்லை. நடுவே அழகர் என்ற தீயணைப்பு வீரர் நின்றார்.

“அழகரு, வண்டியத் தொடைக்கச் சொல்லு” என்பார் அதிகாரி.

துணியும் கையுமாக நிற்கும் கண்ணுசாமி, “தொடச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லு அழகரு” என்பார்.

“ஏண்ணே, நான் என்ன தபால் பெட்டியா?”

நிலையமே சிரிக்கும். (வாசகரும் சிரிக்கலாம், நானும் சிரித்தேன்.)

3

அழகரை நான் நம்பவில்லை. கதைக்கு வசதியாக வந்து நிற்கும் மூன்றாம் ஆள் என்று ஐயுற்று, முதல் வரைவில் அவரை நீக்கினேன். நீக்கியதும் கதை நின்றுவிட்டது. அழகர் இல்லாதபோது அவ்விருவருக்கும் அவ்வாறே நேர்ந்தது.

வேடசந்தூர்ச் சாலையில் ஒரு பஞ்சுக் கிடங்கு எரிந்தது. அருகிலிருந்த கிணற்றில் உறிஞ்சுகுழாயை இறக்கிக் கண்ணுசாமி பம்பை இயக்கினார். தண்ணீர் பீய்ச்சும் குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு அழகர் உள்ளே சென்றார். அவர் திரும்பும் வழியை அந்தத் தண்ணீர்தான் திறந்துவைத்திருந்தது. வாசலில் அதிகாரி நின்றார்.

கோடைக் கிணறு. பம்பின் ஓசை மாறியது. தண்ணீரோடு காற்றையும் இழுக்கத் தொடங்கிவிட்டது. கண்ணுசாமி கத்தினார்:

“அழகரு! தண்ணி தீரப்போவுதுன்னு அவருகிட்டச் சொல்லு!”

அதே கணத்தில், குழாய் துவள்வதைக் கண்ட அதிகாரியும் கத்தினார்:

“அழகரு! தண்ணி ஏன் கொறையுதுன்னு அவன்கிட்டக் கேளு!”

அழகர் தீயினுள் இருந்தார்.

[இவ்வரிக்குப் பின் எழுதிய பத்திகளை அடித்துவிட்டேன். இவ்வரி போதும்.]

4

பிறகு அவ்விருவரில் ஒருவர் மற்றவரை நேராக அழைத்தார்.

முதல் வடிவம்: “கண்ணுசாமி! இன்னும் எம்புட்டு நேரம் தாங்கும்?”

இரண்டாம் வடிவம்: “ஐயா! செத்த நேரந்தான் தாங்கும்! ஆள வெளிய இழுங்க!”

எவ்வடிவமாயினும் அடுத்து நடந்தது ஒன்றே. கண்ணுசாமி பம்பின் வேகத்தைத் தணித்து, எஞ்சிய நீரை இழுத்துப் பிடித்தார். அதிகாரி குழாயைத் தடவிக்கொண்டே புகைக்குள் நுழைந்து, அழகரின் இடுப்புப் பட்டையைப் பற்றி வெளியே கொண்டுவந்தார். அதன்பின் குழாய் வற்றியது.

புருவம் கருகிய அழகர் மண்ணில் அமர்ந்து இருமினார்.

“நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதக் கேட்டதும், சரி, செத்துத்தான் போனோம்னு நெனச்சேண்ணே.”

இம்முறை எவரும் சிரிக்கவில்லை.

5

முதலில் அழைத்தவர் யார்? ஒவ்வொருவரும் ‘நானே’ என்பார் என எதிர்பார்த்துத் தனித்தனியே கேட்டேன்.

“அவன்தாம்மா மொதல்ல கூப்பிட்டான். எனக்கு வாயே வரல” என்றார் பெருமாள்சாமி.

“ஐயாதாம்மா. நான் அப்பயும் அழகரத்தான் கூப்பிட்டுக்கிட்டு நின்னேன்” என்றார் கண்ணுசாமி.

ஒன்றாக அமரவைத்தும் கேட்டேன்.

“சும்மா இருங்க ஐயா, நீங்கதான்.”

“ஏலே, நீதான்டா!”

தெரு முனைவரை இதையே சொல்லிக்கொண்டு போனார்கள். அத்தனை பிடிவாதமும், அத்தனை உரத்த குரலும், ஒருவரையொருவர் உயர்த்துவதற்கு!

எந்த ஒழுங்கின்மையையும் திருத்தாமல் விடுபவள் அல்லேன் நான். ஆயினும்,

‘____________ முதலில் பேசினார்.’

இவ்விடத்தை நிரப்ப விரும்பும் வாசகர் நிரப்பிக்கொள்ளலாம். எப்பெயரை எழுதினாலும், மற்றவர் பேசாமல் நின்றவர் ஆவார். அவரைக் காட்டிக் கொடுத்தவர் அவருடைய நண்பர் அல்லர், நீங்கள். எனக்கு அத்துணிவு இல்லை.