மூடிக் கல்லில் ஒரு விரிசல்

கடலுக்கு அடியிலிருந்து துளைத்து எடுத்த பாறைத் துண்டுகளை வரிசை பிசகாமல் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. ஒவ்வொரு துண்டும் முழங்கை நீள உருளை. எது மேல்பக்கம் என்று கோடு போட்டு, எந்த ஆழத்தில் எடுத்தது என்று எழுத வேண்டும். நாலு வருடம் ஆயிற்று. மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வண்டியிலிருந்து இறக்கும்போது ஒரு கல் கை நழுவி விழுந்தது. எடுத்துப் பார்த்தால் நெடுகப் பிளந்திருந்தது. கிடங்கில் வேறு யாருமில்லை. இரண்டு பாதியையும் சேர்த்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். ஒரு கல்தானே!

பத்து நாள் கழித்து, சிமெண்ட் ஆலையில் சூளை பார்க்கும் அவள் கணவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"என்னங்க, உப்பு ஜாஸ்தியா?"

"அதெல்லாம் இல்ல. சூளைப் புகையில இருக்கற கரியமில வாயுவைப் பிரிச்சு, கடலுக்கு அடியில பாறைக்குள்ள அடைக்கப் போறோம்னு சொன்னாங்கல்ல? அது நடக்காதாம். மேல மூடி மாதிரி இருக்கற பாறையில விரிசலாம். வாயு கசிஞ்சிடுமாம். புகையை அப்படியே வெளிய விட்டா அனுமதி இல்லையாம், இனிமே சூளையை மூட வேண்டியதுதான்."

அவளுக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள்.

"சொன்னா உன் வேலை போகும்" என்றான் அவன்.

"சொல்லலேன்னா உங்க வேலை போகும்."

"நல்ல ஜோடிதான் போ!" என்று சிரித்துவிட்டான். தள்ளிய தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டான். "முதல்ல சாப்பிடு. காலையில நானும் உன் கிடங்கு கேட் வரைக்கும் வரேன்."

வந்தான். அவள் உள்ளே போகும்வரை நின்றான். 'ஆண்டவனே, வாயைத் திறக்க மட்டும் தைரியம் கொடு' என்று வேண்டிக்கொண்டே நடந்தாள்.

பாறை நிபுணர் கழுத்தில் எப்போதும் லென்ஸ் தொங்கும். அதனால் அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவள் சொல்லி முடித்ததும் அவர் கத்தவில்லை. உடைந்த கல்லைப் பிரித்து, லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"பழைய விரிசல்னா உள்ளே சுண்ணாம்பு படிஞ்சிருக்கும்மா. இது இப்போ உடைஞ்ச மாதிரி பளிச்சுனு இருக்கு. நான் பெட்டியில இருந்த கல்லோட படத்தை மட்டும் பார்த்து, விரிசல்னு அறிக்கை எழுதிட்டேன். கல்லைத் தொடவே இல்ல."

பதிவேட்டில், 'கையாளும்போது உடைந்தது' என்று எழுதினார்.

"யார் உடைச்சாங்கன்னு எழுதலையே சார்?"

"எழுதினா மேல கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தா, என்கிட்ட வரட்டும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் பெயரை எழுதினார். அதற்குக் கீழே, 'கல்லைப் பார்க்காமல் அறிக்கை தந்தது நான்' என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார்.

அவளுக்கு வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப் போயிற்று. ஆனால் வேலை போகவில்லை.

பக்கத்து ஆழத்தில் எடுத்த முழுக் கல்லை எஃகுக் குழாயில் இறுக்கி, அடியிலிருந்து அழுத்தத்தோடு வாயுவைச் செலுத்தினார்கள். மேல்பக்கத்து ரப்பர் குழாயின் நுனி ஒரு தம்ளர் தண்ணீரில் கிடந்தது. கசிந்தால் குமிழி வரும்.

ஏழாம் நாள் மாலை, கேட்டில் காத்திருந்த அவள் கணவனைப் பூதக்கண்ணாடியே உள்ளே கூட்டி வந்தார்.

அவன் குனிந்து தம்ளரை உற்றுப் பார்த்தான். மூச்சுக்கூட விடவில்லை.

"ஒண்ணுமே வரலையே சார்?"

"ஏழு நாளா ஒண்ணும் வரல. இன்னும் நிறைய சோதனை இருக்கு. ஆனா இடத்தைக் கைவிட வேண்டாம்னு இன்னிக்கு எழுதி அனுப்பிட்டேன்."

அவன் நிமிரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்த அசையாத தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க, பஸ் போயிடும்" என்றாள் அவள்.

"போகட்டும், அடுத்த பஸ்ல போலாம்" என்றான்.