ஒற்றை நட்சத்திரம்

பீட்சாக் கடைக்காரர் இணையத்தில் வரும் வாடிக்கையாளர் கருத்துகளை ஆற அமரப் படிக்கிற ஆள் இல்லை. ஒற்றை நட்சத்திரம் கண்ணில் பட்டால், கைவசம் இருக்கும் பதிலை அப்படியே ஒட்டிவிடுவார்: "மன்னிக்கவும். அடுத்த முறை வரும்போது குளிர்பானம் இலவசம்." அன்றும் ஒரு கருத்துக்கு அதையே ஒட்டினார்.

இரவு இரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனால், கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மனைவி ஜன்னல் வழியாகக் கைப்பேசியை நீட்டினாள். ஒற்றை நட்சத்திரம் போட்டு அவள் எழுதிய கருத்து அதில் இருந்தது: "பீட்சா பிரமாதம். கடைக்காரர்தான் எட்டு வருஷமாக நேரத்துக்கு வீடு திரும்புவதில்லை." அதன் கீழே அவருடைய பதில் பல்லை இளித்தது.

"கூல்டிரிங்க்ஸ் எங்க?"

கையை விரித்தார்.

"பரவாயில்ல, அடுத்த முறை வரும்போது கொண்டு வாங்க" என்று ஜன்னலைச் சாத்தினாள்.