நாற்பத்தேழாம் நாற்காலி

ஆர்தர் இருபத்தாறு வருடம் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவர். ஆள்குறைப்பில் ஒரு காசோலையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடிகாரத்தைச் சுவரில் மாட்டினார். காசோலையை என்ன செய்வது என்று தெரியாமல், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான மூன்று நாள் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்தார். நடத்தியவர் டை கட்டிய ஓர் இளைஞர். அவர் சொந்தமாக நடத்தி லாபம் பார்த்த ஒரே தொழில் அந்தக் கோர்ஸ்தான். அது ஆர்தருக்குத் தோன்றவில்லை. கட்டணம் கட்டியவனுக்கு அது தோன்றாது.

"உங்கள் பொருள் எங்கெல்லாம் போகிறதோ, அங்கெல்லாம் உங்கள் பெயரும் போக வேண்டும்" என்றார் டை கட்டியவர். ஆர்தர் அதை எழுதி அடிக்கோடிட்டுக்கொண்டார்.

நாற்காலி வாடகை என்று முடிவாயிற்று. ஊரில் எந்த வீட்டில் எது நடந்தாலும் ஆள் கூடும், கூடின ஆளை நிற்கவைக்க முடியாது என்பது ஆர்தரின் திட்டம். திட்டத்தில் தவறே இல்லை. நூற்றைம்பது சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியும் கிழட்டு லோரி ஒன்றும் வாங்கினார். பிறகு அட்டையில் எழுத்து வெட்டி, ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் வெள்ளைச் சாயத்தில் 'ஆர்தர் - வெரோனிக்கா விழா நாற்காலி' என்று அடித்தார். கீழே தொலைபேசி எண். தரக் கட்டுப்பாட்டுக்காரர் அல்லவா, அதற்கும் கீழே வரிசை எண்: ஒன்று முதல் நூற்றைம்பது வரை. எழுத்து கோணிப்போன நாற்காலிகளைத் தின்னர் போட்டுத் துடைத்து மறுபடி அடித்தார்.

டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த ஆர்தர் வீட்டின் வரவேற்பறையில் நாற்காலிகள் கூரை வரை ஏறி நின்றன. அவர் மனைவி வெரோனிக்கா, பாலர் பள்ளி ஆசிரியை, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு சந்தில் உட்கார்ந்து டிவி பார்த்தார்.

"ரெண்டு வேலை பாருங்க" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டுல ஒண்ணு கெட்டாலும் திங்கக்கிழமை ஷேன்கிட்ட போயிடணும்."

ஷேன் வெரோனிக்காவின் தம்பி. கொண்டோமினியம் ஒன்றில் காவலாளிகளுக்கு மேற்பார்வையாளர். அங்கே வாசலில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஆர்தரின் இடுப்பளவை எடுத்துக் கால்சட்டைக்கும் சொல்லியாகிவிட்டது.

முதலில் பதிவான வேலை வடிவம்மாளுடையது. அவருடைய பேத்தி வெரோனிக்காவிடம்தான் படிக்கிறது. ஜெலுத்தோங்கில் வீடு, ஞாயிற்றுக்கிழமை மகள் துளசிக்கு நிச்சயம், நூற்றிருபது நாற்காலி. கோர்ஸில் கொடுத்த படிவத்தை ஆர்தர் நிரப்பினார். பெயர், முகவரி, எண்ணிக்கை, தேதி.

ஆனால் சாவு முன்பதிவு செய்துகொண்டு வருவதில்லை. புதன்கிழமை விடியற்காலை, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அய்யாக்கண்ணு ஜெலுத்தோங் பிளாட்டில் காலமானார். எட்டு மணிக்குள் ஆர்தர் நூற்றைம்பது நாற்காலியையும் கொண்டுபோய் வரிசை எண்படி போட்டார். பிளாட்டின் கீழ்த்தளம் முழுக்க 'விழா நாற்காலி' என்று நூற்றைம்பது தடவை எழுதியிருந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிணம் எடுத்த பிறகு எண்ணிப் பார்த்தார், நூற்றைம்பதும் இருந்தன. ஆர்தர் அன்று தொழிலதிபராகத் தூங்கினார்.

வியாழக்கிழமை வடிவம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி அடுக்கை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நேத்து அய்யாக்கண்ணு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். எங்க வீட்டுக்காரரும் அவரும் ஒண்ணா துறைமுகத்துல இருந்தவங்க."

"அப்படியா அக்கா. பாவம்."

"நாப்பத்தேழு."

"என்னக்கா?"

"நாப்பத்தேழாம் நம்பர் நாற்காலி. அதுலதான் உக்காந்து அழுதேன். எனக்கு முன்னால நாப்பத்தாறு. ரெண்டு மணி நேரம் அந்த நம்பரயே பாத்துக்கிட்டு இருந்தேன், வேற எங்க பாக்குறது? இதைக் கொண்டாந்து எம்பொண்ணு நிச்சயத்துல போடுவீங்களா?"

"எல்லாத்தையும் கழுவிட்டேன் அக்கா. டெட்டால் போட்டு."

"நாற்காலிய கழுவுவீங்க. என் கண்ண எப்படிக் கழுவுவீங்க?"

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. "நாப்பத்தேழ மட்டும் எடுத்துடட்டுமா?" என்று கேட்டார் ஆர்தர்.

"மத்ததுல மட்டும் என்ன, சிரிச்சுக்கிட்டா உக்காந்திருந்தாங்க? சம்பந்தி வீட்டுக்காரங்க தாசேக் கெலுகோர்லேருந்து வர்றாங்க. அதுல நாலு பேரு நேத்து அங்க இருந்தாங்க. சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வேற வழி சொல்லுங்க. இல்லாட்டி நான் வேற ஆளப் பாக்குறேன் லா."

அவர் போனதும் ஆர்தர் மனைவியிடம் முறையிட்டார். "நம்ம ஆளுங்க இதெல்லாம் பாக்குறது இல்ல. மாதா கோயில்ல அதே பெஞ்சுலதான் கல்யாணமும் பாக்குறோம், அடக்கப் பூசையும் பாக்குறோம்."

"பெஞ்சுல நம்பர் இல்ல" என்றார் வெரோனிக்கா.

"நம்ம ஷார்லின் கல்யாணத்துக்கு நீ இந்த நாற்காலிய போடமாட்டியா?"

வெரோனிக்கா மகளை நினைத்தார், அடுக்கைப் பார்த்தார். "மாட்டேன்" என்று சொல்லிவிட்டு டிவி ஒலியைக் கூட்டினார்.

வெள்ளிக்கிழமை ஆர்தர் குகனைத் தேடிப் போனார். குகனும் நாற்காலி வாடகைக்காரன்தான், முப்பத்திரண்டு வயது. ஜெலுத்தோங்கில் மோட்டார் பட்டறைகளுக்குப் பின்னால் கிடங்கு. நானூறு நாற்காலி, எல்லாம் வெளிறிப்போன நீலம். ஒன்றிலும் ஓர் எழுத்து கிடையாது.

"வாங்கண்ணே. சேருக்கு நம்பர் போட்டிருக்கீங்களாமே."

"திருடு போகக்கூடாதுன்னு."

"பிளாஸ்டிக் சேர எவன் திருடுவான்? உக்காருன்னு கெஞ்சினாலே பாதிப்பேரு நின்னுக்கிட்டுத்தான் பேசுறான்."

"உன் சேர்ல ஏன் பேர் போடல?"

"இந்தச் சேரு நேத்து எந்த வீட்டுல இருந்துச்சு, சொல்லுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாண வீட்டுக்காரங்களுக்கும் தெரியாது. அதனாலதான் எனக்குச் சோறு கிடைக்குது."

ஆர்தர் கட்டின கோர்ஸ் பணத்துக்கு இந்த ஒரு வாக்கியம் வரவில்லை. பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் நூற்றிருபது வேண்டும்.

குகன் காதைச் சொறிந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஆயர் ஈத்தாமில் ஒரு கருமாதி இருந்தது. "உங்க சேர நான் அங்க போட்டுக்குறேன். என் சேர நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க. மேல நூறு வெள்ளி குடுங்க."

"மாத்துக்கு மாத்துதானே. நூறு எதுக்கு?"

"உங்க பேர இலவசமா ஊருக்குக் காட்டுறேனே."

"கருமாதியிலதானே காட்டுற."

"அங்கதாண்ணே ஆளுங்க சும்மா உக்காந்து எதிர்ல இருக்குறதப் படிப்பாங்க. கல்யாணத்துல சேர யாரு பாக்குறா, பிரியாணிச் சட்டியத்தான் பாக்குறான்."

"அப்ப நீதான் எனக்குக் காசு குடுக்கணும். என் சேரு புதுசு. உன்னோடது காலு ஆடுது."

குகன் முதல் தடவையாக ஆர்தரைச் சரியாகப் பார்த்தான். ஆர்தரும் தன்னைத் தானே அப்போதுதான் பார்த்தார்; இப்படி ஒரு வார்த்தை வாயிலிருந்து வரும் என்று அவருக்கே தெரியாது. அரை மணி நேரம் இழுத்து, ஆர்தர் நாற்பது வெள்ளி கொடுப்பதிலும் இரண்டு தே தாரிக்கிலும் முடிந்தது. தேநீருக்கு யார் காசு கொடுப்பது என்பதில் இன்னும் பத்து நிமிடம் போயிற்று.

"பேர் இல்லாத நாற்காலி வருது அக்கா" என்று வடிவம்மாளுக்குச் சொன்னார்.

"பேரு இல்லையா? அப்ப சரி" என்றார் அவர்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு லோரி ஜெலுத்தோங் போய்ச் சேர்ந்தது. நாற்காலிகளை இறக்கும்போது, மூன்றாவது அடுக்கில் ஒன்றின் கைப்பிடியில் ஆர்தர் விபூதியைப் பார்த்தார். நாலு விரல் தடம், தெளிவாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் காய்ந்த சாமந்தி இதழ் ஒன்று ஒட்டியிருந்தது. இருபத்தாறு வருடமாகக் குறையுள்ள பொருளைக் கண்டால் தனியே எடுத்து, சிவப்புச் சீட்டு ஒட்டி, மேலே எழுதி அனுப்பிய மனிதர். இன்று சட்டை நுனியை எச்சில் தொட்டு இரண்டையும் துடைத்தார்.

நிமிர்ந்தபோது வடிவம்மாள் எதிரில் நின்றார். பட்டுப்புடவை, கையில் குங்குமச் சிமிழ்.

"நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு நாற்காலியைத் திருப்பி முதுகைப் பார்த்தார். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அதில் அவருக்குத் திருப்தி. "தம்பி, இது எங்கயும் போகலியே?"

ஷேன் சொல்லிவைத்த கால்சட்டை ஒரு கணம் ஆர்தரின் கண்முன் வந்து போயிற்று. பொய் சொன்னால் நாளைக்கு யாராவது குகனிடம் கேட்டுவிடலாம். உண்மையைச் சொன்னால் நாளை என்ற ஒன்றே இல்லை.

"என் லோரியில இது ஏறுறது இதான் முதல் தடவ அக்கா" என்றார்.

வடிவம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். பாசாரில் நாற்பது வருடம் மீன் வாங்கியவருக்குப் பதில் எது, பதில் மாதிரி இருப்பது எது என்று தெரியும். அதற்குள் மாப்பிள்ளை வீட்டு வேன் வளைவில் திரும்பியது. அவர் அந்த நாற்காலியிலேயே ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்தார். எழுந்தார்.

"முன்னால ரெண்டு வரிசைய நெருக்கிப் போடுங்க. அவங்கள்லாம் குண்டு."

நிச்சயம் நன்றாக நடந்தது. கால் ஆடிய நாற்காலிகளை ஆர்தர் கடைசி வரிசையில் போட்டு, இளவட்டங்களை அங்கே உட்காரவைத்தார். பிரியாணி முடிந்து, வேன் கிளம்பி, எல்லாவற்றையும் லோரியில் ஏற்றியபோது வடிவம்மாள் பேசிய பணத்தோடு வந்தார். கொடுத்துவிட்டும் போகவில்லை. வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"தம்பி, அந்த எழுத்துப் போட்ட நாற்காலி இருக்குல்ல."

"இருக்குக்கா."

"வித்துடாதீங்க. எங்க மாமனாருக்குத் தொண்ணூத்தொண்ணு. ரெண்டு வாரமா ஆஸ்பத்திரியில இருக்காரு. டாக்டரு ஒண்ணும் சொல்லமாட்டேங்குறாரு." குரலைத் தாழ்த்தினார். "நூத்தம்பது வேணும். அன்னிக்கு அய்யாக்கண்ணு அண்ணன் வீட்டுல பாத்தேன், வரிசையா அழகா இருந்துச்சு. எழுதிக்குங்க."

ஆர்தர் கோப்பைத் திறந்து புதுப் படிவம் எடுத்தார். பெயர் எழுதினார், முகவரி எழுதினார், எண்ணிக்கை எழுதினார். தேதிக் கட்டத்தில் பேனா நின்றது. நிமிர்ந்து வடிவம்மாளைப் பார்த்தார். வடிவம்மாள் பிரியாணி போட்ட பாய்க்குச் சட்டி திருப்பித் தர உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

அன்று மாலை வெரோனிக்கா முப்பதே நாற்காலி மிஞ்சிய வரவேற்பறையில் காலை நீட்டி உட்கார்ந்து, அந்தப் படிவத்தை இரண்டு தடவை படித்தார். தொலைபேசி அடித்தது. ஷேன்தான்.

"இல்ல ஷேன், நாளைக்கு அவரு வரல" என்றார் வெரோனிக்கா. "அவருக்கு அடுத்த வேலை வந்துடுச்சு… ஆமா, பெரிய ஆர்டர்தான், நூத்தம்பது… என்னிக்கா? அது இன்னும் தெரியல லா. அந்தக் கால்சட்டைய வேற யாருக்காவது குடுத்துடு."