பூட்டிய வீட்டுக்காரர்

ஜமைக்காவின் மாண்டெவில் ஊரில் பல் டாக்டராக இருந்த ஒகோரி, தன் வீட்டுக்குள் முளைத்த இன்னொரு வீட்டில் பதினோரு வருடம் அடைபட்டுக் கிடந்தார். அந்த இன்னொரு வீடு நைஜீரியாவில், அவர் பிறந்த ஊரான உமுவேகேயில் இருந்தது. இதில் குழப்பம் ஒன்றுமில்லை. வெளிநாட்டில் சம்பாதிக்கிற உமுவேகேக்காரன் எவனும் சொந்த ஊரில் ஒரு மாடிவீடு கட்டியாக வேண்டும். கட்டாமல் செத்தால் பிணத்தைக் கிடத்த முற்றம் இருக்காது, பங்காளிகள் காறித் துப்புவார்கள். ஒகோரி மாண்டெவில்லுக்கு வந்து மெர்லினைக் கல்யாணம் செய்துகொண்டு, அடாகு என்ற ஒரே மகளைப் பெற்று, ஊரில் பாதிப் பேரின் சொத்தைப் பல்லைப் பிடுங்கி முடித்த பிறகுதான், தம்பி உக்பாயிடம் சொல்லி உமுவேகேயில் அஸ்திவாரம் போட்டார். அங்கே ஒரு சுவர் எழும்பினால் மாண்டெவில் வீட்டின் கூடத்தில் அதே சுவர் எழும்பியது. மெர்லின் முதல் சுவரில் காலண்டரை மாட்டினாள். இரண்டாவது சுவர் வந்ததும் சாப்பாட்டு மேஜையை நகர்த்தினாள். மூன்றாவதுக்கு, போதும் நிறுத்தச் சொல்லு என்றாள். பாதியில் நின்ற வீடு கட்டாத வீட்டைவிடக் கேவலம் என்று ஒகோரி சொல்லிவிட்டார். உமுவேகேயில் வாசற்கதவு வைத்துப் பூட்டிய மத்தியானம், அவர் சாப்பிட்டுவிட்டு அந்தச் சுவர்களுக்கு உள்ளே கட்டில் போட்டுக் கண்ணயர்ந்திருந்தார். எழுந்து பார்த்தால் நாலு பக்கமும் சுவர், சாப்பாட்டு அறைப் பக்கம் மட்டும் கம்பி போட்ட ஒரு ஜன்னல்.

மெர்லின் வெல்டரைக் கூட்டிவந்து கம்பியை அறுக்கச் சொன்னாள். உமுவேகேயில் அறுபடாத கம்பி மாண்டெவில்லில் எப்படி அறுபடும், மறுநாள் காலையில் முழுசாக இருந்தது. அங்கேயோ வீட்டுக்காரர் வந்து தன் கையால் பூட்டைத் திறந்து, ஆடு வெட்டி, பங்காளிகளுக்குச் சோறு போடும்வரை யாரும் ஒரு ஆணியைக்கூட அசைக்கக் கூடாது என்பது வழக்கம். ஒகோரி தம்பிக்குப் போன் போட்டார்.

"உள்ளதான்டா இருக்கேன். கதவைத் தொற."

"தெரியாதாண்ணே, உங்க மனசு பூரா இங்கதான் இருக்கும்னு. டிக்கெட் எடுத்து வாங்க, ஜாம்ஜாம்னு தொறந்துரலாம்."

கதவைத் தட்டிப் பார்த்தார், கத்தியும் பார்த்தார். பூட்டிய வீட்டுக்குள் வெளிநாட்டில் இருக்கிறவரின் குரல் கேட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? உமுவேகேக்காரர்கள் பாதிரியாரை அழைத்து ஜெபம் செய்துவிட்டு, அந்தத் தெருப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள்.

டாக்டர் தொழிலை விடவில்லை. நோயாளிகள் சாப்பாட்டு அறையில் நாற்காலி போட்டு, கம்பியில் முகத்தை ஒட்டி வாயைத் திறந்தார்கள். பக்கத்து வீட்டு மிஸ் ஐசில்டாவுக்குக் கடைவாய்ப் பல் இரண்டை இப்படித்தான் எடுத்தார். "என்னை வாயைத் தொற, வாயைத் தொறங்கிற. உனக்கு ஒரு கதவைத் தொறக்கத் துப்பில்லை" என்றாள் அவள், வாயில் பஞ்சோடு. கம்பி வழியாகவே சாப்பாடு போயிற்று, அழுக்குத் துணி வந்தது, புருஷன் பெண்டாட்டி சண்டையும் குறைவில்லாமல் நடந்தது. அடாகுவின் கல்யாணத்தன்று அவர் கோட்டுப் போட்டு ஜன்னலில் நின்று, கையை நீட்டி மகளின் விரலைத் தொட்டார். மாதா கோயிலுக்கு மெர்லின்தான் அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போனாள். திரும்பி வந்தவளுக்கு அடக்கமாட்டாத கோபம்.

"ஊரு சிரிக்கும், ஊரு சிரிக்கும்னியே டாக்டரே. சிரிச்சா என்ன, பல்லு தெரியும். அது உனக்குப் புதுசா?"

"செத்தா போய்ச் சேர ஒரு எடம் வேணாமா, மெர்லின்?"

"சாகுற வரைக்கும் இருக்க எடம் இங்க இருந்துச்சே. அதுல பாதியை உன் சுவரு தின்னுருச்சு. மீதியில நான் தனியா உக்காந்திருக்கேன்."

அன்று முதல் அவள் தன் நாற்காலியை ஜன்னலை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். கம்பிக்கு எந்தப் பக்கம் சிறை என்று அவளுக்கே சில நாள் சந்தேகம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேங்காய்ப்பாலில் பயறு போட்டு ஆக்கிய சோறு தட்டோடு ஆறிப்போயிற்று. கூப்பிட்டுப் பார்த்த மெர்லின் உக்பாய்க்குப் போன் போட்டு, உன் அண்ணன் செத்துட்டார் என்று மட்டும் சொன்னாள். பிணத்தை வரவேற்க வீட்டைத் தயார் செய்ய வேண்டும், அதற்கு வழக்கம் குறுக்கே நிற்காது. பங்காளிகள் கூடிப் பூட்டை உடைத்தார்கள். உள்ளே ஒகோரி, இஸ்திரி போட்ட சட்டையோடு கட்டிலில் கிடந்தார். அவருக்கு அப்பால், கம்பி ஜன்னலில், கையில் தட்டோடு ஒரு பெண். அவள் குரலைப் போனில் மட்டுமே கேட்டிருந்த உக்பாய், "அண்ணி" என்றான்.

"இப்பத் தொறக்கத் தெரியுதா?" என்றாள் மெர்லின்.

உக்பாய் தலையைக் குனிந்துகொண்டு போய் ரம்பம் எடுத்துவந்து, தானே கம்பியை அறுத்தான். மறுநாள் சாயங்காலம் டாக்டரை அவர் முற்றத்தில் புதைத்தார்கள், ஆடும் வெட்டினார்கள். சர்ச்சுக்குப் போகிற செருப்போடு ஜன்னலேறி வந்த மெர்லினைப் பங்காளி வீட்டுப் பெண்கள் இறக்கிவிட்டார்கள். அவள் அழாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய், திரும்பி நின்று வீட்டை நிமிர்ந்து பார்த்தாள். ரோஸ் நிறம், இரண்டு மாடி, முன்னால் நாலு தூண், மேலே வளைந்த பால்கனி.

"நல்லாத்தான் கட்டியிருக்கே, டாக்டரே" என்றாள். அவர் ஒருநாள்கூட அதை வெளியே நின்று பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். இருட்டுமுன் திரும்பிப் போய்விட்டாள், மாண்டெவில்லில் அப்போது மத்தியானம், அடாகு சாப்பிடாமல் காத்திருந்தாள்.

டாக்டரின் கல்லறைக்குப் பூ வைக்க மாண்டெவில்காரர்கள் இன்றும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். ஜன்னல் கொஞ்சம் உயரம் என்பதால் மெர்லின் இரண்டு பக்கமும் ஸ்டூல் போட்டிருக்கிறாள்.