பச்சை விழும் அளவு

எங்கள் அரசு உணவு ஆய்வகத்துக்குக் கைமெஷின் வந்த அன்று டைரக்டர் அதைப் பேரக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு அறை அறையாகக் காட்டினார். பார்க்க ஹேர் டிரையர் போல இருக்கும். மசாலாப் பொடிமேல் வைத்து அழுத்தினால் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதைப் படித்து, சுத்தம் என்றால் பச்சை விளக்கும் கலப்படம் என்றால் சிவப்பு விளக்கும் காட்டும். ஒரே ஒரு சங்கடம், சுத்தமான மஞ்சள்தூள் எப்படி இருக்கும் என்று முதலில் நாம்தான் அதற்குக் கற்றுத்தர வேண்டும்.

கற்றுத்தந்த மகானுபாவன் நான்தான். கிழங்கு வாங்கி, நாமே அரைத்து, ஒவ்வொன்றையும் ஆய்வகத்துப் பெரிய மெஷினில் சோதித்த பிறகே கற்றுத்தர வேண்டும் என்பது முறை. அதற்கு மூன்று மாதம் ஆகும். அமைச்சர் வந்து தொடங்கிவைக்க மூன்று நாள்தான் இருந்தது.

"கடையில போய் நல்ல பாக்கெட்டா வாங்கிட்டு வாய்யா," என்றார் டைரக்டர்.

'நூறு சதவீதம் சுத்தம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு கம்பெனியின் பாக்கெட்டுகளில் நாற்பது வாங்கினேன். எழுத்து பெரிதாக இருந்ததால் நம்பிவிட்டேன். படித்தவன் அல்லவா.

அமைச்சர் தொடங்கிவைத்ததும் உணவுத்துறை இன்ஸ்பெக்டர் கைமெஷினோடு சந்தையில் இறங்கினார். போன இடமெல்லாம் பச்சை. கலப்படமே ஒழிந்துவிட்டது என்று பேப்பரில் போட்டார்கள். சிவப்பு விழுந்தது ஒரே இடத்தில்தான். வாங்குபவர் கண்ணெதிரே கிழங்கைக் கொட்டி அரைத்துத் தரும் ஒரு சின்ன மில் அது. அங்கேயே சீல் வைத்தார்கள். பத்து நாளுக்குள் சுத்தம் என்று நிரூபிக்காவிட்டால் லைசென்ஸ் ரத்து.

மில்லுக்கார அக்கா மறுநாளே டப்பாவில் பொடியோடு என் மேஜைமுன் வந்து நின்றார்.

"தம்பி, இதுல கிழங்கைத் தவிர என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் இந்த மில்லுதான் எங்களுக்குச் சோறு போடுது."

பெரிய மெஷினில் வைத்துப் பார்த்தேன். கிழங்கைத் தவிர ஒன்றுமில்லை. மிச்சமிருந்த என் பாக்கெட்டுகளில் ஆறைப் பிரித்துச் சோதித்தேன். ஆறிலும் கால்வாசி சோள மாவு. கலப்படத்தைத்தான் சுத்தம் என்று கைமெஷினுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

டைரக்டரிடம் ஓடினேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மெஷின் தப்புன்னா நீ தப்பு, நான் தப்பு, அமைச்சர் தப்பு. அந்தம்மா தப்புன்னா அந்தம்மா மட்டும்தான் தப்பு. எது சிக்கனம், சொல்லு."

"அவங்க பொடி சுத்தம் சார்."

"யாருய்யா இல்லைன்னா? மெஷினுக்குப் பிடிக்கலையே! மறுசோதனைக்கு வரச் சொல்லு. பச்சை விழுந்தா கையோட சீலை எடுத்துடலாம்."

நான் பார்த்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு அக்காவிடம் கொடுத்திருக்கலாம். எனக்கு என் வேலை பெரிதாகத் தெரிந்தது. அவரை மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய், அந்தக் கம்பெனி பாக்கெட் ஒன்றைக் கையில் திணித்து, "இது மாதிரி இருந்தா பச்சை விழும்க்கா. இதுல கால்வாசி சோள மாவு," என்றேன். அவர் பாக்கெட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். வெட்கமாக இருந்தது.

எட்டாம் நாள் மறுசோதனை. இன்ஸ்பெக்டர் அழுத்தினார். பச்சை.

"பாத்தீங்களா, திருந்திட்டாங்க!" என்று டைரக்டர் கைதட்டினார். 'சுத்தமானது' என்று அச்சடித்திருந்த சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். போட்டேன்.

எல்லோரும் போன பிறகும் அக்கா போகவில்லை.

"மூணு பங்கு மஞ்சளுக்கு ஒரு பங்கு மாவு போட்டேன் தம்பி. சரிதானே?"

தலையாட்டினேன்.

"வழக்கமா வர்றவங்க சில பேரு மாவு இல்லாமதான் கேப்பாங்க. அப்படி விக்கிறதுக்கு யார்கிட்ட எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும்?"

குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து நிமிர்ந்தேன். இல்லை. நான் சொல்வதைக் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.